தேவகோட்டை நண்பருக்கு: பாய் அப்புறம், பின்பலகை முதலில்

பின்பலகை (படகின் பின்முனையை அடைக்கும் பலகை) உளுத்த பழைய ஃபைபர் பாய்மரப் படகு, கையில் இருபதாயிரம், புதுப் பாய் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாங்க. சுக்கானே பின்பலகையில்தான் தொங்குகிறது. திருப்புளியால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கும் இடம் முழுக்க வெட்டி எடுக்க வேண்டும். மேலே பூசி மூடினால் உள்ளே ஈரம் தின்றுகொண்டே இருக்கும்.

பலகைக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் விசாரியுங்கள். இடித்த வீட்டுப் பர்மா தேக்கு கிடைக்கும். செதுக்கு வேலை உள்ளதைத் தொடாதீர்கள், அது பங்களா அலங்காரத்துக்குப் போகிற விலை! ஒடிந்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டு இழைக்கச் சொல்லுங்கள். தேக்கில் எண்ணெய் அதிகம். ஒட்டுவதற்குச் சற்றுமுன் அசிட்டோனால் துடைத்து, எபாக்ஸி பசை போடுங்கள். பித்தளைத் திருகு உப்புத் தண்ணீரில் நிற்காது, 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் (எஸ்.எஸ்.) திருகு வாங்குங்கள். பாய்க் கிழிசலுக்கு இப்போதைக்கு ஒட்டுப்போட்டுத் தைத்தால் போதும்.