காபியிலும் கோஸிலும் விஷமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: முட்டைக்கோஸ், கடுகு, காபி என்று எல்லாவற்றிலும் புற்றுநோய் வரவழைக்கும் ரசாயனம் இருப்பதாக ஒரு அமெரிக்க விஞ்ஞானி சொன்னாராம், வாட்ஸ்அப்பில் வந்தது. காபியை நிறுத்திவிடட்டுமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: வேண்டாம், குடியுங்கள். சொன்னவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த புரூஸ் ஏம்ஸ். சொன்னதும் நிஜம்தான், ஆனால் வாட்ஸ்அப்பில் பாதிதான் வந்திருக்கிறது. செடியால் ஓட முடியாது, அதனால் பூச்சியையும் பூஞ்சையையும் விரட்ட ரசாயனம் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அமெரிக்கர் ஒருவர் நாளொன்றுக்கு இப்படிச் செடிகளே தயாரித்த பூச்சிக்கொல்லிகளைச் சுமார் 1.5 கிராம் சாப்பிடுகிறார், வயலில் தெளித்த மருந்தின் எச்சமோ வெறும் 0.09 மில்லிகிராம் என்று 1990-ல் ஏம்ஸ் குழு கணக்குப் போட்டது. கோஸில் மட்டும் 49 வகை பட்டியலிட்டார்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். இயற்கையோ செயற்கையோ, சோதித்துப் பார்த்தவற்றில் ஏறக்குறைய பாதி எலிகளுக்குப் புற்றுநோய் தந்தது. எலிக்குக் கொடுப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதுவும் ஆயுள் முழுக்க. அந்த அளவில் செல்கள் செத்து, ஈடுகட்ட மிச்சமுள்ளவை வேகமாகப் பிரிகின்றன. பிரியப் பிரிய டி.என்.ஏ.வில் பிழை தங்கிவிடும் வாய்ப்பும் கூடுகிறது என்பது ஏம்ஸின் வாதம். ஒரு டம்ளர் டிகிரி காபியை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதற்காக இயற்கை என்றாலே பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். பூஞ்சை பிடித்த வேர்க்கடலையில் இருக்கும் அஃப்ளடாக்சின் முழுக்க இயற்கைச் சரக்குதான், கல்லீரல் புற்றுநோய் தருவது நிரூபணமானது.

கேள்வி: இப்படிப் பேசியவர் பூச்சிமருந்து கம்பெனி ஆளா? (திண்டுக்கல் விவசாயி)

பதில்: அப்படி ஏசியவர்கள் உண்டு. ஆனால் ஆரம்பத்தில் கம்பெனிகளைக் கலங்கடித்தவரே இவர்தான். ஒரு ரசாயனம் மரபணுவைக் கெடுக்குமா என்று பார்க்க 1970-களில் அவர் உருவாக்கிய 'ஏம்ஸ் சோதனை' இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாத சால்மோனெல்லா பாக்டீரியாவை, ஹிஸ்டிடின் ஏறக்குறைய இல்லாத தட்டில் விட்டு, சந்தேகப்படும் ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். ரசாயனம் மரபணுவைக் கிளறிவிட்டால், சில பாக்டீரியாக்கள் தற்செயலாகப் பழைய திறமையைத் திரும்பப் பெற்றுப் புள்ளி புள்ளியாக வளரும். எண்ண வேண்டியதுதான் பாக்கி. சில பொருள்கள் கல்லீரலுக்குப் போன பிறகே விஷமாகும் என்பதால் எலிக் கல்லீரல் சாறும் சேர்ப்பார்கள். எலிச் சோதனைக்கு வருடக்கணக்காகும், இதற்கு இரண்டு மூன்று நாள் போதும். குழந்தைகளின் இரவு உடையில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த 'டிரிஸ்' இந்தச் சோதனையில் மாட்டியது. 1977-ல் அமெரிக்கா அதைத் தடை செய்தது.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த 0.09 மில்லிகிராம் சாப்பிடுகிறவரின் கணக்கு, முகமூடி இல்லாமல் வயலில் மருந்தடிக்கிறவரின் கணக்கு இல்லை. இதைக் காட்டி யாராவது மருந்து விற்க வந்தால் நம்பாதீர்கள்.

கேள்வி: முடிக்கு டை அடிக்கிறேன். பயப்பட வேண்டுமா? (சேலம் வாசகி)

பதில்: 1975-ல் ஏம்ஸ் குழு சோதித்த 169 டைகளில் 150 மரபணுவைத் தாக்கின. பிறகு கம்பெனிகள் சில பொருள்களை மாற்றின. சொந்த உபயோகத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை, தினமும் அதிலேயே புழங்கும் சலூன்காரர்களுக்கு ஆபத்து இருக்கக்கூடும் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் நிலை.

கேள்வி: சாப்பாட்டில் ஏதாவது குறைந்தால் மரபணு கெடுமா? (மதுரை கல்லூரி மாணவி)

பதில்: கெடும். ஏம்ஸ் பிற்காலத்தில் இதையேதான் பிடித்துக்கொண்டார், எனக்கு அவர் வேலையில் மிகவும் பிடித்ததும் இதுதான். ஃபோலேட் என்ற பி வைட்டமின் குறைந்தால் டி.என்.ஏ.வில் தைமின் என்ற கட்டுமானப் பொருள் உட்கார வேண்டிய இடத்தில் யுராசில் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்துவிடும். செல் அதை வெட்டி எடுத்துச் சரி செய்யப் பார்க்கும். எதிரெதிர் இழைகளில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டு விழுந்தால் குரோமோசோமே உடையும். ஃபோலேட் பற்றாக்குறை உள்ளவர்களிடம் செல்லுக்குச் சுமார் 40 லட்சம் யுராசில் இருந்ததாக 1997-ல் அவருடைய குழு வெளியிட்டது.

2006-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். வைட்டமினோ தாதுவோ பற்றாமல் போனால், உடம்பு இன்றைக்கு உயிர் பிழைக்கத் தேவையான வேலைக்கு முதலில் கொடுத்துவிட்டு, முதுமைக்கான பராமரிப்பைத் தள்ளிப் போடும் என்றார். வைட்டமின் கே குறைந்தால் ரத்தம் உறைவது நடக்கும், எலும்பும் ரத்தக்குழாயும் காத்திருக்கும். இது இன்னும் கருதுகோள்தான். மல்டிவைட்டமின் மாத்திரைக்கு அவர் கொடுத்த ஆதரவை மட்டும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு, உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்ததில் நுரையீரல் புற்றுநோய் கூடியது என்று 1994-லேயே தெரிந்துபோனது. நீங்கள் கீரையும் பருப்பும் சாப்பிடுங்கள், கீரை வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ஃபோலேட்டில் ஒரு பங்கு அதோடு போய்விடும். கர்ப்பிணிகளுக்கு டாக்டர் தரும் ஃபோலிக் அமில மாத்திரை வேறு விஷயம், அதை யாரும் நிறுத்தக் கூடாது.