சுற்றாத கைப்பிடி, அடிக்காத ஷட்டர்: பழைய 120 கேமராக்கள் பற்றிக் கேள்வி பதில்

120 என்ற அகலமான சுருள் ஃபிலிம் போடும் பழைய மீடியம் ஃபார்மட் கேமரா திடீரென்று நின்றுபோனால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஷட்டர், வைண்டிங் (சுற்றி ஏற்றும் பொறி), மிரர், மேகசின் (பின்னால் மாட்டும் ஃபிலிம் பெட்டி) இவைதான் எனக்குத் தெரிந்த வேலை. மற்றதைக் கேட்டால் ஒரு வரியில் முடித்துக்கொள்வேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சுற்றாத கைப்பிடியை அழுத்திச் சுற்றாதீர்கள். இருபது வயதில் ஒரு ரோலிஃப்ளெக்ஸில் நான் அதைச் செய்தேன். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். உள்ளே எள்ளளவு பித்தளைப் பல் ஒன்று உடைந்து கிடந்தது. அதற்குப் பொருத்தமான சக்கரம் கிடைக்க எட்டு மாதம் ஆனது.

கேள்வி: ஹாசல்பிளாட் 500சி/எம். எக்ஸ்டென்ஷன் ட்யூப் (உடலுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் குழாய்) போட்டுச் சில படங்கள் எடுத்தேன். ட்யூபைக் கழற்றி லென்ஸை மறுபடி மாட்டியதிலிருந்து கைப்பிடி சுற்றவில்லை, பட்டன் அமுங்கவில்லை, லென்ஸும் கழலவில்லை. கேமரா போய்விட்டதா சார்?

போகவில்லை. இந்த மாடலில் மிகச் சாதாரணமாக வரும் சிக்கல்தான் இது.

ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. அதற்கு முறுக்கு ஏற்றுவது உடலிலிருந்து வரும் ஒரு தண்டு. உடல், லென்ஸ் இரண்டுமே முறுக்கேறிய நிலையில் இருந்தால்தான் ஒழுங்காக மாட்டவோ கழற்றவோ முடியும். ஒன்று ஏறியும் மற்றது இறங்கியும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றுவிடும். ட்யூபுக்குள்ளும் அதே தண்டு ஓடுகிறது. அதனால் மாட்டும்போது முதலில் ட்யூப், பிறகு லென்ஸ். கழற்றும்போது முதலில் லென்ஸ், பிறகு ட்யூப். இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் திருகினால் பெரும்பாலும் இந்த நிலைதான் வரும்.

மேகசினில் டார்க் ஸ்லைடை (ஃபிலிமில் வெளிச்சம் படாமல் மறைக்கும் தகடு) செருகி மேகசினைக் கழற்றுங்கள். ஃபிலிம் பத்திரமாக இருக்கும். இப்போது பின்பக்கம் கதவு போல இரண்டு மடல்கள் தெரியும். மூடியிருந்தால் விரலால் மெல்லத் தள்ளித் திறந்து பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சத்தில் உள்ளே பார்த்தால், லென்ஸை ஒட்டி நடுவில் கோடு வெட்டிய ஒரு திருகுத் தலை தெரியும். அதுதான் அந்தத் தண்டு. நீளமான, கோட்டை நிறைத்து உட்காரும் தட்டை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். ஒல்லியானது வழுக்கி லென்ஸின் பின்கண்ணாடியைக் கீறிவிடும். கண்ணாடியின் மேல் ஒரு துண்டுத் தாளை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். பிறகு கடிகார முள் திசையில் நிதானமாகத் திருப்புங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கையில் தெரியும், அது இயல்புதான். ஒரு கிளிக்கோடு நிற்கும். அதன்பின் லென்ஸ் கழலும்.

தண்டு கல் மாதிரி நின்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். மிச்சம் மெக்கானிக்கின் வேலை.

இந்தக் கேமராவை எப்போதும் முறுக்கு ஏற்றியே வையுங்கள், இப்படிச் சிக்காது.

கேள்வி: ரோலிஃப்ளெக்ஸ் ஆட்டோமேட். கைப்பிடி 1 என்ற எண்ணில் நிற்காமல் ஃபிலிம் முடியும்வரை சுற்றிக்கொண்டே போகிறது.

இது பழுது இல்லை. 1937-இல் வந்த ஆட்டோமேட்டில் ஃபிலிமின் தொடக்கத்தைக் கேமராவே தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும். கீழே இரண்டு உருளைகள் இருக்கின்றன. ஃபிலிமோடு வரும் பின்தாளை அவற்றின் நடுவே விட வேண்டும். ஃபிலிம் தாளோடு ஒட்டப்பட்ட இடம் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். அது உருளைகளுக்கிடையே வரும்போதுதான் எண்ணும் கருவி ஓடத் தொடங்கும். நீங்கள் தாளை உருளைக்கு மேலே விட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: இரட்டை லென்ஸ் கேமரா, சிங்க்ரோ காம்பூர் ஷட்டர். பக்கத்தில் இருந்த நெம்புகோலை வி-க்குத் தள்ளினேன். அதிலிருந்து ஷட்டர் பாதியில் நிற்கிறது.

வி என்பது செல்ஃப் டைமர். அந்தக் குட்டிப் பல்சக்கர வரிசையில் பழைய கிரீஸ் காய்ந்து பசையாகியிருக்கும். நெம்புகோலைத் திருப்பித் தள்ளாதீர்கள். திறந்து கழுவித்தான் சரிசெய்ய வேண்டும். இந்த வயதுக் கேமரா எதிலும் டைமரைத் தொடாதீர்கள், நெம்புகோலை எக்ஸ்-இலேயே (ஃபிளாஷுக்கான நிலை) விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஷட்டர் மெதுவாக மூடுகிறது. ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடலாமா?

கூடாது. லீஃப் ஷட்டரின் இதழ்கள் எண்ணெயே இல்லாமல் உலர்ந்து ஓட வேண்டியவை. எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: மமியா ஆர்பி67 ப்ரோ-எஸ். மிரர் மேலே போகிறது, ஷட்டர் மட்டும் அடிக்கவில்லை.

லென்ஸில் உள்ள எம்/என் குமிழைப் பாருங்கள். எம்-இல் இருக்கும். அது மிரரை முன்கூட்டியே தூக்கி வைப்பதற்கு. அந்த நிலையில் ஷட்டரை லென்ஸில் செருகும் கேபிள்தான் அடிக்கும். என்-க்குத் திருப்புங்கள். பட்டனே அமுங்கவில்லை என்று கேட்ட இன்னொருவருக்கு: டார்க் ஸ்லைடு உள்ளே இருக்கிறதா, பேக்கில் (பின்னால் மாட்டும் ஃபிலிம் பெட்டி) ஃபிலிமைச் சுற்றினீர்களா, சுழலும் பேக் சரியாக நிலையில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஷட்டருக்கு ஒரு நெம்புகோல், ஃபிலிமுக்கு வேறொரு நெம்புகோல்.

கேள்வி: ஹாசல்பிளாட்டை முறுக்கு ஏற்றியே வைக்கச் சொல்கிறீர்களே, ஸ்பிரிங் தளர்ந்துபோகாதா? எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இரவில் எந்தக் கேமராவையும் இறக்கித்தான் வைப்பார்.

இதே கேள்வியை இன்னும் நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார். விவரமாகச் சொல்கிறேன்.

நல்ல எஃகு ஸ்பிரிங் தன் எல்லைக்குள் இழுக்கப்பட்டு அசையாமல் நின்றால், அறை வெப்பத்தில் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதைக் களைப்படையச் செய்வது ஆயிரக்கணக்கான முறை இழுத்து விடுவதுதான். தவிர, முறுக்கை இறக்கிவிட்டாலும் ஸ்பிரிங் முழுக்கத் தளர்வதில்லை. தொடக்க இழுவை எப்போதும் அதில் இருக்கும். ஹாசல்பிளாட்டில் இறக்கி வைத்த உடலோடு லென்ஸை மாற்றப் போனால் சிக்கல் உறுதி. ஸ்பிரிங்குக்காகப் பயந்து, தண்டை ஆபத்தில் விடக் கூடாது.

உங்கள் ஆசான் சொன்னதையும் தள்ளிவிடவில்லை. லென்ஸைக் கழற்றாத இரட்டை லென்ஸ் கேமராக்களை நானும் இறக்கித்தான் வைக்கிறேன். அவற்றை ஏற்றி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

கேள்வி: அப்படியென்றால் வருடக்கணக்கில் ஏற்றி வைத்த என் லென்ஸ் ஏன் மெதுவாக ஓடுகிறது? ஸ்பிரிங்தானே காரணம்?

கிரீஸ்தான் காரணம். பத்து வருடம் பெட்டியில் இறக்கி வைத்த லென்ஸும் இப்படித்தான் மெதுவாக ஓடும். நான் திறந்து பார்த்த மந்தமான ஷட்டர்களில் ஸ்பிரிங் தவறாக இருந்தது அபூர்வம். கழுவியதும் அதே ஸ்பிரிங் சரியாக ஓடியது. மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் ஓட்டுங்கள், ஏற்றினதா இறக்கினதா என்ற கவலையைவிட அது பயன் தரும்.

கேள்வி: கீவ் 88. வேகத்தை மாற்றினேன், சுற்ற முடியவில்லை.

சுற்றும் முன்பே மாற்றினீர்கள். இதில் சுற்றிய பிறகுதான் வேகத்தைத் தொட வேண்டும். பலம் போடாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கேள்வி: 620 என்று எழுதிய பெட்டிக் கேமரா. 120 ஃபிலிம் போட்டேன், சுற்ற இறுகுகிறது.

ஃபிலிம் ஒன்றேதான், ஸ்பூல்தான் வேறு. 620 ஸ்பூல் ஒல்லி, ஓரத்தட்டும் சின்னது. உங்கள் 120 ஸ்பூல் உள்ளே உரசுகிறது. இருட்டில் ஃபிலிமை 620 ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்றுங்கள்.

கேள்வி: ஷட்டர் இதழில் கொஞ்சம் சைக்கிள் எண்ணெய் மட்டும் விட்டுப் பார்க்கலாமா?

மேலே பதில் இருக்கிறது. எந்த எண்ணெயும் கூடாது.

கேள்வி: ப்ரோனிகா இடிஆர்எஸ். எந்த வேகம் வைத்தாலும் ஒரே மாதிரி அடிக்கிறது.

பேட்டரி தீர்ந்திருக்கும். 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் அது 1/500-இல் மட்டுமே அடிக்கும்.

கேள்வி: என் கேமரா என்ன விலை போகும்? மீட்டர் முள்ளும் அசையவில்லை.

விலை சொல்வதில்லை. மீட்டருக்கு மின்வேலை தெரிந்தவரைப் பாருங்கள்.

கேள்வி: ஹாசல்பிளாட்காரன்தான் சார். திருப்பினேன், கிளிக் வந்தது, லென்ஸ் கழன்றுவிட்டது! இப்போது ஃபிலிம் போடலாமா?

மிக்க மகிழ்ச்சி. ஃபிலிம் இன்னும் வேண்டாம். உடலைத் தனியாக முழுச்சுற்றுச் சுற்றுங்கள், பாதியில் விடக் கூடாது. லென்ஸின் பின்னால் உள்ள கோடு சிவப்புப் புள்ளிக்கு நேராக இருக்கிறதா பாருங்கள். நேராக இருந்தால் மட்டும் மாட்டுங்கள். மேகசின் இல்லாமல், பின்பக்கம் வழியாகப் பார்த்தபடி ஒரு நொடியிலிருந்து 1/500 வரை ஒவ்வொரு வேகத்திலும் நாலைந்து முறை அடியுங்கள். ஒரு நொடி வேகத்தில் உள்ளே கேட்கும் அந்த "ர்ர்ர்" தடுக்காமல் ஒரே சீராக ஓடினால் ஃபிலிமைப் போடுங்கள்.