எக்ஸ்போஸ் ஏன் மாண்ட்ரியலை விட்டுப் போனது? கேள்வி பதில்

வாஷிங்டன் நேஷனல்ஸ் கனடாவில் இருந்து வந்த பேஸ்பால் அணி என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1969-ல் மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் என்ற பெயரில் தொடங்கிய அணி அது. அதற்கு இரண்டு வருடம் முன்பு அந்த நகரில் நடந்த எக்ஸ்போ 67 உலகக் கண்காட்சியிலிருந்து பெயர் வந்தது. மேஜர் லீக் என்ற வட அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்கில், அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதல் அணி. முதலில் ஆடிய ஜாரி பார்க் ரொம்பச் சின்ன மைதானம். வலது பக்க வேலிக்கு அந்தப் புறம் பொது நீச்சல்குளம். ஓங்கி அடித்தால் பந்து அதில் போய் விழும். 1977-ல் ஒலிம்பிக் மைதானத்துக்கு மாறினார்கள்.

மாண்ட்ரியல் ஐஸ் ஹாக்கி ஊர். பேஸ்பால் பார்க்க ஆள் வராததால்தானே அணி போனது?

இந்தப் பேச்சை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். 1983-ல் மட்டும் 23 லட்சத்துக்கு மேல் ரசிகர்கள் வந்தார்கள். நட்சத்திர வீரர்கள் கேரி கார்ட்டர், ஆண்ட்ரே டாசன், டிம் ரெய்ன்ஸ் மூவரும் சேர்ந்து ஆடிய காலம் அது. கூட்டம் குறைந்தது பிற்பாடு. மைதானமும் அதற்கு ஒரு காரணம்: 1991-ல் 55 டன் கான்கிரீட் துண்டு பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஆனால் அந்த சீசனின் மிச்ச உள்ளூர் ஆட்டங்களை எல்லாம் வெளியூரில் போய் ஆட வேண்டியதாயிற்று.

அண்ணா, 1994 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

எல்லாம் உடைந்தது அந்த வருடம்தான். ஃபெலிப்பே அலூ பயிற்சியில் 74 வெற்றி, 40 தோல்வி. மேஜர் லீக்கிலேயே அதுதான் முதலிடம். அதே பிரிவில் இருந்த அட்லாண்டா அணியை விட ஆறு ஆட்டம் முன்னால். இத்தனைக்கும் சம்பளப் பட்டியலில் கடைசி வரிசையில் இருந்த அணி. ஆகஸ்ட் 12 அன்று வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க உரிமையாளர்கள் பார்த்ததுதான் தகராறு. சீசன் அப்படியே ரத்து. 1904-க்குப் பிறகு முதல் முறையாக, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் நடக்கவில்லை.

அதைவிடக் கொடுமை அடுத்த வசந்தத்தில். செலவைக் குறைக்கிறோம் என்று சில நாட்களுக்குள் முக்கிய வீரர்களான ஜான் வெட்லண்ட், கென் ஹில், மார்க்கீஸ் கிரிஸம் மூவரையும் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். லாரி வாக்கரையும் தக்கவைக்கவில்லை. கிரிஸம் போனது அதே அட்லாண்டாவுக்கு! 1995 உலகத் தொடரின் கடைசி கேட்சைப் பிடித்து அட்லாண்டாவுக்குக் கோப்பையை உறுதி செய்தது அவர்தான். இதைப் பார்த்த மாண்ட்ரியல் ரசிகன் அடுத்த வருடம் எந்த நம்பிக்கையில் டிக்கெட் வாங்குவான்? 1997 முடிவில் பந்துவீச்சு நட்சத்திரம் பெட்ரோ மார்டினெஸையும் பாஸ்டனுக்கு அனுப்பினார்கள்.

பின்னாளில் உரிமையாளராக வந்த ஜெஃப்ரி லோரியாதான் அணியைக் கெடுத்தவரா?

அவர் 1999 இறுதியில் வந்தபோதே அணி தள்ளாடிக்கொண்டிருந்தது, ஆகவே முழுப்பழியும் அவர் மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் 2000-ல் ஆங்கில டிவி, ரேடியோ ஒளிபரப்பு இரண்டுமே இல்லாமல் போனதை மன்னிக்க முடியாது. 2002-ல் அணியை 12 கோடி டாலருக்கு லீக்கிடமே விற்றுவிட்டு, ஃப்ளோரிடா மார்லின்ஸை வாங்கிக்கொண்டார். மறு வருடமே மார்லின்ஸ் சாம்பியன்.

அதாவது லீக்கின் மற்ற 29 அணிகளின் உரிமையாளர்களும் சேர்ந்து எக்ஸ்போஸின் முதலாளிகள் ஆனார்கள். 2003 செப்டம்பரில் பிளேஆஃப் என்ற இறுதிச் சுற்றுக்குப் போகும் வாய்ப்பு இருந்தும், செலவைக் காரணம் காட்டிக் கூடுதல் வீரர்களை அழைக்க லீக் அனுமதிக்கவில்லை. அந்த வருடமும் அடுத்த வருடமும் 22 உள்ளூர் ஆட்டங்களைப் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் வேறு நடத்தினார்கள்.

கடைசி ஆட்டம் எப்போது, யாரோடு?

மாண்ட்ரியலில் 2004 செப்டம்பர் 29. 31 ஆயிரத்துக்கு மேல் ரசிகர்கள் வந்திருந்தார்கள். இடமாற்ற அறிவிப்பும் அன்றுதான். எதிரணி யார் தெரியுமா? லோரியாவின் மார்லின்ஸ். 9-1 என்று தோற்றோம்.

வாஷிங்டனுக்கு ஏன் கொடுத்தார்கள்?

பெரிய, வசதியான தலைநகரம். 1971-க்குப் பிறகு சொந்த அணி இல்லை. பொதுப்பணத்தில் புது மைதானம் கட்டித் தரவும் நகரம் சம்மதித்தது. 2006-ல் லீக் அணியை லெர்னர் குடும்பத்துக்கு 45 கோடி டாலருக்கு விற்றது. அதாவது வாங்கிய விலையைப் போல நான்கு மடங்குக்குக் கிட்டத்தட்ட. 2019-ல் ஹூஸ்டனை வென்று உலகத் தொடரையும் பிடித்தார்கள்.

மாண்ட்ரியலுக்கு மறுபடி அணி வருமா சார்?

டாம்பா பே ரேஸ் அணி பாதி சீசனை அங்கே ஆடும் என்று ஒரு திட்டம் இருந்தது. 2022 ஜனவரியில் லீக் அதை நிராகரித்துவிட்டது. ஆனால் 2014-ல் டொராண்டோ அணி அங்கே ஆடிய இரண்டு பயிற்சி ஆட்டங்களுக்கு 96 ஆயிரம் பேர் வந்தார்கள். முதல் கேள்விகளில் 'ஆள் வரவில்லை' என்றவருக்கும் இதுவே பதில்.