எந்த நொடியில் அவர் குருவாகிறார்?

கேள்வி: எங்கள் உறவினர் ஒருவருக்கு அண்மையில் கத்தோலிக்கத் திருச்சபையில் குருப்பட்டம் வழங்கப்பட்டது. ஆயர் (பிஷப்) உள்ளங்கைகளில் தைலம் பூசியபோதுதான் அவர் குருவானார் என்கிறார் அக்கா. திருப்பலிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தபோதுதான் என்கிறார் அத்தை. யார் சொல்வது சரி? பின்னாளில் ஒருவர் பணியை விட்டு விலகினால் பட்டமும் போய்விடுமா?
– ஒரு வாசகி

பதில்: அவ்விருவரும் சொல்லும் நேரத்துக்கு முன்பே அவர் குருவாகிவிட்டார். புனிதர்களின் மன்றாட்டுமாலை பாடப்படும்போது முகங்குப்புறத் தரையில் கிடந்தவர், எழுந்து வந்து ஆயர் முன் முழந்தாளிடுகிறார். ஆயர் ஒரு சொல்லும் பேசாமல் தம் இரு கைகளையும் அவர் தலைமேல் வைக்கிறார். அங்குள்ள குருக்களும் ஒருவர்பின் ஒருவராக வந்து அவ்வாறே செய்கிறார்கள். பட்டம் கொடுப்பவர் ஆயர் மட்டுமே. குருக்கள் கைவைப்பது, புதியவரைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்வதன் அடையாளம். (குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டத்தில் ஆயர் ஒருவரே கைவைப்பார்.) அதைத் தொடர்ந்து ஆயர் சொல்லும் அருட்பொழிவு மன்றாட்டோடு (பட்டமளிக்கும் செபத்தோடு) குருப்பட்டம் என்னும் திருவருட்சாதனம், அதாவது இறையருள் தரும் திருச்சடங்கு, நிறைவேறிவிடுகிறது. திருப்பலி உடை அணிவித்தல், கிறிஸ்மா என்னும் புனிதத் தைலம் பூசுதல், அப்பத்தட்டையும் கிண்ணத்தையும் கொடுத்தல் ஆகியவை அதன்பின் வருபவை. நடந்தது இன்னதென்று விளக்குபவை.

ஆனாலும் அத்தையின் கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கிண்ணத்தையும் தட்டையும் கொடுப்பதே குருப்பட்டத்தின் மையச் செயல் என்று 1439இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய புளோரன்ஸ் பொதுச்சங்கம் ஆர்மீனியக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய ஆணையே கூறியது; இறையியலார் நெடுங்காலம் வாதிட்ட இந்தக் கேள்விக்கு, கைகளை வைத்தலும் மன்றாட்டுமே போதும் என்று 1947இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் முடிவு கட்டினார். திருத்தூதர்களின் காலத்து வழக்கமும் அதுவே. வருத்தம் என்னவென்றால், தைலம் பூசும்போது எட்டி எட்டிப் பார்க்கும் நாம், அதற்கு முந்தைய மௌனத்தில்தான் இருக்கையில் நெளிகிறோம். அடுத்த முறை அந்த மௌனத்தில் கண்ணையும் மனத்தையும் வைத்திருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். முறைப்படி ஒருமுறை பெற்ற பட்டம் செல்லாததாக ஆவதில்லை. பணியாற்றும் உரிமைதான் நீக்கப்படுகிறது. திருச்சபையின் அனுமதியோடு மீண்டும் வந்தாலும் அவருக்கு மறுபடி பட்டம் கொடுப்பதில்லை. விலகியிருக்கும் காலத்திலும், சாகும் தறுவாயில் ஒருவர் பாவசங்கீர்த்தனம் செய்ய (தம் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட) விரும்பினால், அவருக்குப் பாவமன்னிப்பு வழங்க அந்தக் குருவால் முடியும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் சொல்கிறது.