ஸ்போர் மேலுள்ள புரதங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கொதிக்க வைத்தாலும் ஸ்போர் (சில பாக்டீரியாக்கள் மோசமான சூழலைக் கடக்க எடுக்கும் உறங்குநிலை வடிவம்) சாகாததற்கு மேலுள்ள புரதங்கள்தான் காரணமா?

இல்லை. வெப்பத்தைத் தாங்கும் திறன் நடுக்கருவில் இருக்கிறது. அங்கே தண்ணீர் வெகுவாகக் குறைந்து, கால்சியம் டைபிகோலினேட் என்ற உப்பு நிறைந்திருக்கும். வெளிப்புரதங்களுக்கு வேலை வேறு: எதில் ஒட்டுவது, எதை உள்ளே விடுவது என்பதெல்லாம் அவற்றின் பொறுப்பு.

ஆந்த்ராக்ஸ் ஸ்போரின் மேல் தெரியும் 'முடிகள்' எதனால் ஆனவை?

பிசிஎல்ஏ என்ற புரதத்தால். பாரிஸ் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் 2002-இல் இதை விவரித்தார்கள். ஒரு முடியை அடியிலிருந்து பார்ப்போம். குட்டையான அடிப்பகுதி, எக்ஸோஸ்போரியம் என்னும் வெளியுறையில் பிஎக்ஸ்பிபி புரதத்தோடு இறுகப் பிணைந்திருக்கும். அதற்கு மேல், நம் தோலிலுள்ள கொலாஜனைப் போல மூன்று இழைகள் முறுக்கிய தண்டு. அதில் கிளைசின்-புரோலின்-திரியோனின் என்ற மூன்று அமினோ அமிலங்களின் தொகுதி (மும்மை) திரும்பத் திரும்ப வரும். மும்மைகளின் எண்ணிக்கை ரகத்துக்கு ரகம் மாறும். எண்ணிக்கை கூடினால் முடியும் நீளும். திரியோனினில் சர்க்கரைகள் தொங்கும். அவற்றில் ஒன்றின் பெயர் ஆந்த்ரோஸ். நுனியில் மூன்று பீட்டா மடிப்புகள் ஒன்றுசேர்ந்த உருண்டைத் தலை. நம் ரத்தத்திலுள்ள சி1க்யூ என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தின் தலையும் ஏறக்குறைய இதே அமைப்புதான். பார்க்கப் பார்க்க வியப்பு தீராத ஒற்றுமை இது.

பிசிஎல்ஏ-வின் எடை மரபணுக் கணக்கில் சுமார் 40 கிலோடால்டன் (புரத எடையின் அலகு). புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 250-க்கு மேல் நிற்பது ஏன்?

சர்க்கரைகளின் எடை ஒரு காரணம். மும்முறுக்கும் பிஎக்ஸ்பிபி பிணைப்பும் புரத மடிப்பைக் குலைக்கும் எஸ்டிஎஸ் என்ற சோப்புப்பொருளில் கொதித்த பிறகும் பிரியாதது இன்னொன்று. ஆய்வகத்தில் ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த புரதத்தில் அந்தச் சர்க்கரைகள் இருக்காது. அதையும் ஸ்போரிலிருந்து எடுத்த புரதத்தையும் ஜெல்லில் அருகருகே ஓட்டி ஒப்பிடாதீர்கள்.

உணவை நஞ்சாக்கும் பேசில்லஸ் செரியஸ் பாக்டீரியாவின் ஸ்போரில் தனியாக நீளும் நார்கள் எவை?

ஈனா நார்கள். மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்து பல பத்தாண்டுகள் ஆகியும், எந்தப் புரதம் என்று தெரியாமலே இருந்தது. எதிலும் கரையாததால் துண்டாக்கிப் படிக்க முடியவில்லை. 2021-இல் உறையவைத்துப் படமெடுக்கும் கிரையோ மின்னணு நுண்ணோக்கிப் படத்திலிருந்தே அமினோ அமில வரிசையை ஊகித்துப் பிடித்தார்கள். அடுத்தடுத்த அலகுகளை டைசல்ஃபைடு (இரு கந்தக அணுக்களுக்கு இடையேயான) பிணைப்புகள் கோத்து வைத்திருக்கின்றன.

சி.டிஃபிசில் (கடும் வயிற்றுப்போக்கு தரும், ஸ்போர் உருவாக்கும் பாக்டீரியா) நோயாளியைத் தொட்டபின் சானிடைசர் போதுமா?

போதாது. ஆல்கஹால் ஸ்போரைக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் ஸ்போரைக் கையிலிருந்து கழுவி வெளியேற்றும். தரை, கட்டில் கம்பிகளை முதலில் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பிறகு 5% சோடியம் ஹைப்போகுளோரைட் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு கலந்து, 10 நிமிடம் ஈரம் காயாமல் வையுங்கள். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். கழிப்பறை ஆசிடோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது.