எவ்வளவு தூரம், எத்தனை மணி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூர் போக திருச்சியில் ஏறலாமா, மதுரையிலா? (கோட்டையூர்)

காரைக்குடிப் பக்கத்திலிருந்து இரண்டுமே ஏறக்குறைய 90 கி.மீ. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் போய் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நான் திருச்சியைத்தான் சொல்வேன். சாலைக்கு இரண்டு மணி, நிலையத்தில் மூன்று மணி ஒதுக்குங்கள்.

திருச்சியிலிருந்து வான்வழி தூரங்கள்? (கானாடுகாத்தான்)

சிங்கப்பூர் 3,000 கி.மீ., கோலாலம்பூர் 2,700. இரண்டுக்கும் நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பு 420 கி.மீ., ஒரு மணி நேரம்.

சிங்கப்பூர் போக ஆறரை மணி, திரும்பி வர ஒன்றரை மணி என்று டிக்கெட்டில் தெரிகிறது. காற்றுதான் காரணமா? (புதுவயல்)

இல்லை. புறப்படும் நேரம் ஏறும் ஊர்க் கடிகாரம், சேரும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால். போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். இரண்டு பக்கமும் நாலு மணி வரும். பத்துத் தடவையாவது இதை எழுதியிருக்கிறேன்.

மகன் டிக்கெட்டில் 15-ம் தேதி 00.40 என்று இருக்கிறது. 15-ம் தேதி ராத்திரிச் சாப்பாடு முடித்துக் கிளம்பினால் போதுமா? (தேவகோட்டை)

போதாது ஆச்சி! அன்று ராத்திரி நீங்கள் சாப்பிட உட்காரும்போது விமானம் போய் முக்கால் நாளுக்கு மேல் ஆகியிருக்கும். 14-ம் தேதி இரவு ஏழரைக்கு மகன் காரில் ஏறியாக வேண்டும்.

என் தங்கை மகன் இப்படித்தான் டிக்கெட்டை விட்டான். எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் ‘வெள்ளி ராத்திரி விமானம்’ என்று போனில் சொல்லிவிட்டார். டிக்கெட்டில் வெள்ளி 00.30. வியாழன் ராத்திரியே விமானம் போய்விட்டது. மறுநாள் ராத்திரி சீடையும் முறுக்கும் கட்டிய அட்டைப்பெட்டியோடு வாசலில் நின்றான். புது வேலையில் சேர வேண்டிய பையன் அவன். எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

நம்மவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பஞ்சாங்கத்தில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில். நடுராத்திரி தாண்டினாலும் நமக்கு அது முதல் நாள் ராத்திரிதான். விமானக் கம்பெனிக்கு நாள் பிறப்பது நள்ளிரவு 12 மணிக்கு. டிக்கெட் எடுத்துத் தருகிறவர்களுக்கு இது தெரியும். ‘வியாழன் ராத்திரி சாப்பிட்டதும் கிளம்புங்கள்’ என்று ஒரு வரி எழுதித் தந்தால் என்ன குறைந்துவிடும்? 00 என்று தொடங்கினால் முதல் நாள் இரவே கிளம்ப வேண்டும். ராகு காலம் பார்ப்பதானாலும் அந்த நாளுக்கே பாருங்கள்.

எங்கள் ஐயா ரஜுலா கப்பலில் போனவர். எத்தனை நாள் ஆகியிருக்கும்? (பள்ளத்தூர்)

நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம். 1926-ல் கட்டிய கப்பல் அது. 1970-கள் வரை ஓடியது. ஐயாவின் பழைய பாஸ்போர்ட் பெட்டகத்தில் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

செட்டிநாட்டு விமான தளத்தில் ஏற முடியுமா? (காரைக்குடி)

முடியாது. இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் அது. பயணிகள் விமானம் கிடையாது.

சென்னையிலிருந்து லண்டன் போகத்தான் அதிக நேரமா, வரவா? (கண்டனூர்)

போகத்தான். 8,200 கி.மீ.; மேலைக்காற்று எதிரே அடிக்கும். வரும்போது அதே காற்று தள்ளிவிடும்.

விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்? (ஊர் எழுதவில்லை)

எங்கிருந்து, எங்கே? இரண்டு ஊர்ப் பெயரையும் எழுதி மறுபடி அனுப்புங்கள். டிக்கெட் கையில் இருந்தால் தேதியையும் நேரத்தையும் அப்படியே பார்த்து எழுதுங்கள்.