அப்பாவின் ஷிப்ட் நோட்டு

வணக்கம் சார்,

பனியன் கம்பெனி நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். என் அப்பா திருப்பூரில் டைலராக இருந்தவர். ஓவர்லாக் அடிப்பார். தேனிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போய் பதினோரு வருஷம் அங்கே லைன் வீட்டில் இருந்தோம். நான் ஆறாவது படிக்கும்போது, 2009 ஜனவரியில், பாதி வருஷத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டோம். ஏன் என்று கேட்டால் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "அமெரிக்கா படுத்துருச்சும்மா."

ஊரில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். என் தாய்மாமா இன்றைக்கும், "வாங்குன சம்பளத்தைச் சேர்த்து வச்சிருந்தா நாலு மாசம் தாக்குப்பிடிச்சிருக்கலாம். வாராவாரம் கறி, செல்போன்னு செலவழிச்சா எப்படி?" என்பார்.

அப்பா போன வருஷம் தவறிவிட்டார். பெட்டியில் ஒரு பாக்கெட் நோட்டு கிடைத்தது. எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எண்கள் எனக்குப் புரியவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு செல் நம்பர், அதற்குக் கீழே 'மி.கா.' என்று தேதி போட்டு வரிசையாக எழுதியிருக்கிறார். யாருக்காவது தர வேண்டிய கடனா அது? அப்பா சொன்னது உண்மைதானா? அவர் சேமித்திருந்தால் நாங்கள் திரும்பியிருக்க வேண்டாமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள உங்களுக்கு,

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், எடுத்துவிட்டேன். படங்களை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த வருஷங்களில் நான் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் வாரச் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருந்தேன். உங்கள் அப்பா நோட்டில் குறித்துக்கொண்டதைப் போன்ற எண்களைத்தான் நான் கம்பெனிப் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் இதை எனக்கு வாசிக்கத் தெரியும்.

அந்த எண்கள் ரூபாய் இல்லை, ஷிப்ட். பகல் முழுக்க வேலை செய்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. ஆறு நாளும் ஒன்றரை என்றால் வாரத்துக்கு ஒன்பது. சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது கம்பெனிக் கணக்கும் தன் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க டைலர்கள் இப்படி ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். 2008 ஜூலைப் பக்கத்தைப் பாருங்கள்: 9, 9, 9½, 9. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அரை ஷிப்ட் போயிருக்கிறார். செப்டம்பர் கடைசியில் 7½ ஆகிறது. அதற்கு மின்வெட்டும் காரணமாக இருக்கலாம், அந்த வருஷம் அது கடுமையாக இருந்தது. தீபாவளிக்கு அப்புறம் இரண்டு வாரம் வெறும் கோடு. நவம்பர் நடுவில் 5. பிறகு 4, 3½, 3. டிசம்பர் கடைசி வாரம் 2.

எந்தப் பக்கத்திலும் வேலை போய்விட்டது என்று அவர் எழுதவில்லை. எழுத முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு நாள் வரவே இல்லை. மாதச் சம்பளக்காரருக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். பனியன் கம்பெனியில் மந்தம் வேறு மாதிரி வரும். மிஷினில் உட்கார்ந்திருப்பார்கள், கட்டிங்கிலிருந்து பீஸ் வராது. மதியம் இரண்டு மணிக்கு சூப்பர்வைசர் வந்து "இன்னைக்கு இவ்வளவுதானுங்க" என்பார். அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை வந்தால் போதும் என்பார். அதற்கடுத்த வாரம், "ஆர்டர் வந்ததும் கூப்பிடறோமுங்க." இந்தக் கடைசி வார்த்தையை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது பொய் என்று நினைக்கவில்லை.

2008 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் நாட்டில் சுமார் 5 லட்சம் பேர் வேலை இழந்ததாக மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் கணக்குச் சொன்னது. ஜவுளி, நகை, வாகனம் என்று சில துறைகளில் மட்டும் எடுத்த கணக்கு அது. தலைகளை எண்ணும் கணக்கில், ஒன்பது ஷிப்ட் மூன்றாகிப் போன மனிதரும் வேலையில் இருப்பவர்தான். சீனாவில் 2009 பிப்ரவரியில் அரசு அதிகாரியே வெளிப்படையாகச் சொன்னார், கிராமங்களிலிருந்து நகரத்துக்குப் போனவர்களில் சுமார் 2 கோடி பேர் வேலையிழந்துவிட்டார்கள் என்று. திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸிலும் தேனி பஸ்ஸிலும் பாத்திர மூட்டையோடு ஏறிய குடும்பங்களை நின்று எண்ணியவர்கள் யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. உங்கள் அப்பா சொன்னதை ஊர் நம்பாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, அமெரிக்கா படுத்த கதைக்கு வருகிறேன். அங்கே திருப்பிக் கட்ட வழியில்லாதவர்களுக்கும் வங்கிகள் வீட்டுக்கடன் கொடுத்தன. வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்தவரை யாரும் கவலைப்படவில்லை. விலை இறங்கியதும் கடன்கள் நின்றுபோயின, அந்தக் கடன்களை மூட்டை கட்டி வாங்கி வைத்திருந்த பெரிய நிறுவனங்கள் ஆட்டம் கண்டன. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானது. அதன் பிறகு ஒரு வங்கியை இன்னொரு வங்கியே நம்பவில்லை. துணிக்கடைகள் கடனில் சரக்கு எடுத்துத்தான் வியாபாரம் செய்யும். அந்தக் கடன் சுருங்கியது. பிரிட்டனில் கிட்டத்தட்ட நூறு வருஷமாக இருந்த வூல்வொர்த்ஸ், 800க்கும் மேற்பட்ட கடைகளோடு 2009 ஜனவரி முதல் வாரத்துக்குள் மூடப்பட்டது. 27,000 பேர் வேலை இழந்தார்கள். எங்கள் சரக்கு அங்கே போனதில்லை, ஆனாலும் அந்தச் செய்தி வந்த அன்று ஆபீஸில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அமெரிக்காவில் வேலையில்லாதவர் விகிதம் 2007 கடைசியில் 5 சதவீதம். 2009 அக்டோபரில் 10.

வேலை போகுமோ என்று பயப்படும் குடும்பம் வாடகையையும் மருந்தையும் நிறுத்த முடியாது. பையனின் பழைய டீசர்ட்டை இன்னொரு கோடைக்கு ஓட்டலாம். அந்த டீசர்ட்டைத்தான் திருப்பூர் தைக்கிறது. கோடைக்கான சரக்கு முக்கியமாக தீபாவளிக்கு அப்புறம்தான் ஓடும், ஒன்றரை ஷிப்ட் போதாமல் நைட் ஷிப்டும் போடும் மாதங்கள் அவை. உங்கள் அப்பா நோட்டில் சரியாக அந்த மாதங்கள்தான் காலியாகின்றன.

எங்கள் பேக்கிங் செக்ஷனில் நவம்பரில் ஒரு காட்சி. அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு பனியனுக்கும் பாலிபேக் போட்டு, பவுண்டில் விலை அச்சிட்ட சீட்டு ஒட்டி, எல்லாம் தயார். பையரிடமிருந்து, அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து, ஒரு வரி மெயில் வருகிறது, இப்போது அனுப்ப வேண்டாம் என்று. இரண்டு மாதம் அப்படியே கிடந்தது. அப்புறம் செக்கிங் பெண்களை உட்காரவைத்து விலைச் சீட்டைக் கிழித்து, கழுத்து லேபிளை வெட்டி, திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையில் எடைக்கு விற்றோம். அந்தப் பெண்களுக்கு அந்த வாரம் கிடைத்த வேலையே அதுதான், தாங்கள் தைத்து முடித்ததைப் பிரிக்கிற வேலை.

டாலர் அப்போது 40 ரூபாயிலிருந்து 50 வரை ஏறியதே, ஏற்றுமதிக்காரருக்கு லாபம்தானே என்று சிலர் கேட்பார்கள். 2007இல் டாலர் இறங்கிக்கொண்டே வந்த பயத்தில் பலர் வங்கிகளோடு முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். டாலர் ஏறியபோது அந்த லாபம் அவர்கள் கைக்கு வரவில்லை. அது தனிக் கதை.

உங்கள் மாமா சொல்வதற்கு வருகிறேன். நோட்டின் இடதுபக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் 'சீட்டு 250' என்று இருக்கிறது. வாரம் 250, நாற்பது பேர், நாற்பது வாரம், பத்தாயிரம் ரூபாய் ஏலச்சீட்டு. பக்கத்திலேயே 'ஊர் 500' என்று மாதாமாதம். அதாவது அவர் சேமித்தார், ஊருக்கும் அனுப்பினார். நவம்பரில் ஒரு வரி: 'சீட்டு எடுத்தது 7,200'. பத்தாயிரத்துக்கு 2,800 தள்ளி எடுத்திருக்கிறார். நல்ல காலத்தில் இவ்வளவு தள்ள வேண்டியதில்லை. அந்த மாதம் சீட்டில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே நேரத்தில் பணம் தேவைப்பட்டிருக்கும், அதனால் ஏலம் ஏறியிருக்கும். ஒரு தெரு முழுக்க ஒரே தொழில் செய்தால் ஒரு வீட்டின் கஷ்டகாலம்தான் எல்லா வீட்டுக்கும் கஷ்டகாலம். சேமிப்பு கைகொடுக்க வேண்டிய அன்றுதான் அதன் மதிப்பும் இறங்கியது. எடுத்த பிறகும் அவர் வாரம் 250 கட்டித்தான் ஆக வேண்டும். ஊருக்குப் போன பின்னும் ஏப்ரல் வரை மாதம் ஒரு தடவை 'சீட்டு 1,000' என்று இருக்கிறது. கையில் வேலை இல்லாமல், யாரும் தேடி வர முடியாத ஊரில் இருந்துகொண்டு கட்டி முடித்திருக்கிறார். மாமாவிடம் இந்தப் பக்கங்களைக் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மாமா சொல்கிற அதே புத்தியைத்தான் அந்த வருஷம் லட்சக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்கள் கேட்டன. செலவைக் குறைத்தார்கள், சேமித்தார்கள். அங்கே சேமிப்பு விகிதம் ஏறியது, இங்கே மிஷின் நின்றது. தனித்தனியாகப் பார்த்தால் அவர்கள் செய்தது சரி. அப்புறம் திருப்பூரிலும் அதுவே நடந்தது. எங்கள் கம்பெனி எதிரே இருந்த டீக்கடையில் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் நிற்க இடமிருக்காது. டிசம்பரில் மாஸ்டர் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் வரவில்லை. நானும் அந்த மாதங்களில் டீயைப் பாதியாகக் குறைத்தவன்தான். கறிக்கடை, மளிகைக்கடை, லைன் வீட்டுக்காரர் என்று அது போய்க்கொண்டே இருந்தது. ஒருவர் செய்யும் செலவுதான் இன்னொருவருக்குச் சம்பளம் என்று கெய்ன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1936லேயே விளக்கி எழுதிவிட்டார். எல்லோரும் பயந்து கையை மடக்கும்போது அரசாங்கம் கையைத் திறக்க வேண்டும் என்பது அவர் வாதம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை, கண்ணால் பார்த்துவிட்டேன். அப்படிப்பட்ட நேரத்தில் வாரச் சம்பளக்காரரைப் பார்த்து நீ சிக்கனமாக இருந்திருக்கலாமே என்று சொல்வது அநியாயம்.

அரசு சும்மா இருக்கவில்லை. ரிசர்வ் வங்கி 2008 அக்டோபரிலிருந்து 2009 ஏப்ரலுக்குள் ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, 9 சதவீதத்திலிருந்து 4.75க்குக் கொண்டுவந்தது. கலால் வரியும் குறைந்தது. கடன் வாங்கித் தொழில் நடத்துகிறவர்களுக்கு அதனால் மூச்சு வந்தது. உங்கள் வீட்டுக்கு உதவியவை வேறு இரண்டு. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது 2008 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில். லேமன் விழுந்த அதே நாள். நூறு நாள் வேலைத்திட்டம் நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தது அதே வருஷம் ஏப்ரல் 1 அன்று, நாள் கூலி இங்கே அப்போது 80 ரூபாய். ஆனால் ஊர் விலாசத்தில் கார்டு வைத்திருந்தவருக்கு அப்போது அந்த அரிசி ஊர்க் கடையில்தான் கிடைத்தது. திருப்பூரில் வெளிக்கடை விலைக்குத்தான் வாங்க வேண்டியிருந்தது. நீங்கள் ஜனவரியில் திரும்பியதற்கு இந்தக் கணக்கும் காரணமாக இருந்திருக்கும். வாரம் இரண்டு ஷிப்டை வைத்துக்கொண்டு வாடகை கொடுப்பதைவிட, ஒரு ரூபாய் அரிசியும் அம்மாவுக்கு நூறு நாள் வேலையும் இருக்கும் இடத்துக்குப் போவது. அதைத் தோற்று ஓடியதாக நீங்கள் நினைக்க வேண்டாம். நிதானமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்த ஒருவரின் முடிவு அது.

செலவுப் பக்கத்தில் எது எப்போது நின்றது என்று பார்த்தேன். நவம்பரில் 'கறி' நிற்கிறது. டிசம்பர் முதல் வாரத்தில் 'பால்' நிற்கிறது. 'கண்ணாடி' என்று அக்டோபரில் எழுதி, தொகை போடாமலே விட்டிருக்கிறார். உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கண்ணில் ஏதாவது குறை இருந்ததா? ஓவர்லாக் அடிப்பவருக்குக் கண் முக்கியம். கடைசி வரை நிற்காத ஒரே செலவு 'டாப்அப் 10'. மாமா குறை சொல்லும் செல்போன் அதுதான்.

கடைசிப் பக்கத்துக் குறிப்பு கடன் இல்லை. 'மி.கா.' என்றால் மிஸ்டு கால். அந்த நம்பர் ஏதோ ஒரு கம்பெனி சூப்பர்வைசருடையதாகவோ ஆபீஸுடையதாகவோ இருக்கும். வேலை இருக்கிறதா என்று கேட்க அப்போது அதுதான் வழி. பேசினால் காசு போகும், அதனால் ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார்கள். ஆர்டர் இருந்தால் நாங்கள் திருப்பிக் கூப்பிடுவோம். இல்லையென்றால் விட்டுவிடுவோம், அவர்களும் புரிந்துகொள்வார்கள். உங்கள் அப்பா பிப்ரவரி 3 முதல் ஜூன் 20 வரை பதினேழு தடவை கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தேதி எழுதியிருக்கிறார். அவர் பார்த்த கம்பெனி எங்களுடையதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஆபீஸ் செல்லிலும் அந்த மாதங்களில் தினமும் இப்படி இருபது முப்பது நம்பர்கள் விழுந்து கிடக்கும். சாயங்காலம் கிளம்பும் முன் அவற்றை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு லைட்டை அணைப்பது என் வேலை.